வலிக்கு மடை, பிடரிக்குள்ளே!

சின்ன வெங்காயம் பிடுங்குகிற சமயம். பூலாம்பாடியில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டிய பெரியவர். புற்றுநோய் எலும்பில் பரவிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். புரளவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. என்னைப் பார்த்ததும், "வைத்தியரய்யா, உசுரு போனாப் போவட்டும். இந்த வலி மட்டும் வேண்டாம்" என்றார்.

மகன் என்னைத் திண்ணைக்கு அழைத்து வந்து, "ஐயா, சித்த மருந்துல வலிக்கு ஏதாவது இருந்தா குடுங்க" என்றார்.

"பெரியாஸ்பத்திரியில என்ன குடுத்தாங்க தம்பி?"

கொஞ்சம் தயங்கிவிட்டு, அலமாரி மேலிருந்து ஒரு மருந்து உறையை எடுத்துக் காட்டினார். மார்பின் மாத்திரை. பிரிக்கவே இல்லை! "பதினோரு நாளாச்சுங்க. அபின்லேர்ந்து எடுக்கிறதாமே? அப்பா அடிமையாயிடுவாரு, மூச்சு நின்னு போயிடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அதான் குடுக்கலை."

அன்று சாயங்காலமே என் வைத்தியசாலைக்கு ஓர் அம்மா வந்தார். வயது 38. எட்டு மாதமாகத் தலைவலி. தினமும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கடையில் வாங்கி வலி மாத்திரை போடுகிறார். "போடலைன்னா தலை வெடிச்சுடுதுங்க. போட்டாலும் முன்ன மாதிரி கேக்கலை" என்றார்.

பயப்படாமல் சாப்பிட வேண்டிய மருந்தை அந்த வீட்டில் பயந்து மூடி வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டிய மருந்தை இந்த அம்மா பயமே இல்லாமல் விழுங்குகிறார். இரண்டுக்கும் விளக்கம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் பிடரியில் கை வையுங்கள். அந்த இடத்துக்கு உள்ளே, மண்டை ஓட்டுக்குள், மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கிற கட்டை விரல் பருமனுள்ள ஒரு தண்டு இருக்கிறது. அதற்குப் பெயர் மூளைத்தண்டு. வலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கே நடக்கிறது.

வலி எப்படி ஏறுகிறது?

பக்கத்து அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறார்களே, அவர்களில் ஒருவருக்கு உளி தவறி விரலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரலிலுள்ள நரம்பு முனைகள் செய்தியை எடுத்துக்கொண்டு தண்டுவடத்துக்கு ஓடுகின்றன. அங்கே அந்தச் செய்தி ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குக் கைமாறி, மூளைக்குப் போகிறது. மூளை அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் "ஆ!" என்று கத்துகிறோம்.

கைமாறுகிற அந்த இடத்தை ஒரு மடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு வந்தாலும் மடையைத் திறந்தால்தானே பாத்திக்குப் பாயும்? வலியும் அப்படித்தான். அடி ஒன்றாக இருந்தாலும், மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வலி.

இதற்கு அனுபவ சாட்சி நம் ஊரிலேயே உண்டு. மாடு பிடிக்கப் போன இளைஞன் தொடையில் கொம்பு கிழித்ததைக் கவனிக்காமலே ஓடுவான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு துடிப்பான். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய பீச்சர் என்ற அமெரிக்க டாக்டரும் இதையே பார்த்தார். பெரிய காயத்தோடு வந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் 'வலி மருந்து வேண்டாம்' என்றார்களாம்! 1946ல் அதை எழுதி வெளியிட்டார்.

அப்படியானால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் யார்?

மடைக்கு மூன்று ஆள்

1969ல் ரெனால்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளின் நடுமூளையில், நீர் ஓடும் சின்னக் கால்வாயைச் சுற்றியுள்ள சாம்பல் நிறப் பகுதிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தார். பிறகு மயக்க மருந்து இல்லாமலே வயிற்றில் அறுவை செய்தார். எலிகள் துடிக்கவில்லை. வலியை அடைக்கிற உத்தரவு மூளைத்தண்டிலிருந்தே புறப்படுகிறது என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

அந்த உத்தரவு கீழே இறங்கும் வழியில் முகுளத்தில் ஒரு சாவடி இருக்கிறது. 1983ல் சான்பிரான்சிஸ்கோவில் ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் என்ற நரம்பியல் டாக்டரும் அவர் கூட்டாளிகளும், லேசான மயக்கத்திலுள்ள எலியின் வாலில் சூடு காட்டிக்கொண்டே, அந்தச் சாவடியிலுள்ள நரம்பு செல்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார்கள். எலி வாலை இழுப்பதற்குச் சற்று முன் ஒரு வகை செல் படபடவென்று துடித்தது. அதற்கு 'ஆன் செல்' என்று பெயர் வைத்தார்கள். இன்னொரு வகை செல் சரியாக அதே நேரத்தில் வாயை மூடிக்கொண்டது. அது 'ஆஃப் செல்'.

நம் கணக்கில் ஆன் செல் மடை திறப்பவர், ஆஃப் செல் மடை அடைப்பவர். இரண்டு பேருமே நமக்கு வேண்டியவர்கள். முள் குத்தினால் காலைத் தூக்க வேண்டாமா? அதற்கு மடை திறந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. மடை அடைப்பவரின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பவர். 'காபா' என்ற ரசாயனத்தை வைத்து வேலை செய்கிற நரம்பு அது. இந்த மூன்று பேரையும் ஞாபகம் வைத்துக்கொண்டால், எந்த வலி மருந்து என்ன செய்கிறது என்பது சுலபமாகப் புரிந்துவிடும்.

கசகசாவும் மார்பினும்

குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். (அரபு நாட்டுக்குப் போகிறவர்கள் மசாலாப் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள். சில நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள்.) பழைய சித்த நூல்களிலும் அபினைச் சுத்தி செய்து சேர்க்கிற மருந்துகள் உண்டு. அபினிலிருந்து மார்பினைத் தனியே பிரித்தவர் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்துக்கடை இளைஞர். 1800களின் தொடக்கத்தில் நடந்தது அது.

ஒரு செடியின் பால் மனித மூளையில் ஏன் வேலை செய்ய வேண்டும்? 1973ல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் மூளையில் மார்பின் போய் உட்காருவதற்கென்றே 'பூட்டுகள்' இருப்பதைக் காட்டினார்கள். 1975ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் அந்தப் பூட்டுக்கான சாவியை மூளையே தயாரிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சாவிக்கு என்கெஃபலின் என்று பெயர். மாடு பிடித்த இளைஞனின் வலியை அந்த நேரத்துக்கு அடக்கியதில் இந்த வீட்டுச் சாவிக்கும் பங்கு உண்டு.

மார்பின் அதே சாவியின் நகல். மூளைத்தண்டில் அது இரண்டு வேலை செய்கிறது. மடை திறப்பவரை நேராக உட்கார வைத்துவிடுகிறது. மடை அடைப்பவரின் கையைப் பிடித்திருக்கிறாரே மூன்றாவது ஆள், அவரைக் கையை விடச் சொல்கிறது. மடை அடைபடுகிறது.

இதோடு போனால் பரவாயில்லை. ஆனால் மார்பினுக்கு விலாசம் பார்த்துப் போகத் தெரியாது. அதே மூளைத்தண்டில்தான் மூச்சை நடத்துகிற செல்களும், வாந்தியைத் தூண்டுகிற இடமும், இருமலுக்கான இடமும் இருக்கின்றன. அதனால்தான் மார்பின் ஆரம்பித்த சில நாள் குமட்டல் வருகிறது. மார்பினின் உறவுக்கார மருந்தான கோடீனை இருமலுக்குக் கொடுத்ததும் இதனால்தான். அளவு மீறினால் மூச்சு நிற்பதும் இதனால்தான்.

ஆக, அந்த மகன் பயந்ததில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஷயம் அளவில் இருக்கிறது. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சிறிய அளவில் ஆரம்பித்து, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றும்போது மூச்சு நிற்பது மிக அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகும், உண்மைதான். திடீரென்று நிறுத்தினால் தொந்தரவு வரும், அதுவும் உண்மை. ஆனால் போதைக்காக மருந்தைத் தேடி அலைகிற அடிமைத்தனம் வேறு. முறையாகக் கொடுக்கப்படும் புற்றுநோயாளிகளிடம் அது அதிகம் வருவதில்லை. மலச்சிக்கல்தான் கட்டாயம் வரும். அதற்கு மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பெரியப்பா

இதையெல்லாம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. 2003ல் என் பெரியப்பாவுக்கு வாயில் புற்றுநோய். மார்பின் எழுதிக் கொடுத்தார்கள். குடும்பத்தில் படித்த வைத்தியன் நான்தானே? என்னிடம் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் படித்தவன், உடற்கூறு படித்தவன், நானே சொன்னேன்: "அது வேண்டாம், போதை வஸ்து."

ஐந்து வாரம் கழித்து அவர் இறந்தார். கடைசி நாட்களில் அவர் வாயைத் திறக்கவில்லை. வலியில் துண்டைக் கடித்துக்கொண்டே கிடந்தார். அந்தத் துண்டை நான் மறக்கவில்லை.

நம் நாட்டு வேடிக்கையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு அபின் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் வலியில் கிடக்கிற நம் நோயாளிக்கு மார்பின் கிடைப்பது வெகு காலம் குதிரைக் கொம்பாக இருந்தது. 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் 1993ல் கோழிக்கோட்டில் வலி நிவாரண சங்கம் தொடங்கி, வாய்வழி மார்பினை ஏழை நோயாளிகளுக்கும் கிடைக்கச் செய்தார்கள். அவரைப் போன்றவர்கள் விடாமல் போராடியதில் 2014ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்பினை வாங்கிக் கொடுப்பது சுலபமாயிற்று. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வீடு தேடி வந்து வலி நிவாரண சேவை செய்வதும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாத்திரையே வலியாகும்போது

இப்போது தலைவலிக்கார அம்மாவுக்கு வருவோம்.

மடையை மருந்தாலேயே ரொம்ப நாள் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? மடை திறப்பவர் சும்மா இருப்பாரா? மார்பின் வகை மருந்துகளை நாள்கணக்கில் கொடுத்த விலங்குகளில், இந்த ஆன் செல்கள் வலுவாகி, சின்னத் தொடுதலும் வலியாக மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். மருந்தைச் சட்டென்று நிறுத்தினாலோ, அடக்கி வைத்த ஆன் செல்கள் அடைத்த வெள்ளம் போலப் பாய்கின்றன. பழகியவருக்கு மருந்து நின்றதும் உடம்பெல்லாம் வலிப்பது இதனால்தான்.

சாதாரணத் தலைவலி மாத்திரையிலும் இதே மாதிரி ஒரு வினை உண்டு. மருந்தால் வரும் தலைவலி என்றே அதற்குப் பெயர். வலியை அடக்குகிற மூளைத்தண்டின் சக்தி தளர்ந்துபோவது அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். கணக்கு இதுதான்: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையானால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரலாம். அந்த அம்மா மாதம் முப்பது நாளும் போட்டிருக்கிறார்! போதாக்குறைக்கு வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் தனியே வரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், பெற்றோர்களே. ட்ரமடால், டபென்டடால் என்ற வலி மாத்திரைகள் மார்பின் பூட்டிலேயே உட்காருகிறவை. ட்ரமடாலை 2018ல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு பையன்கள் செத்துப்போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மூச்சை நடத்துகிற செல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன என்றேனே, அதுதான் காரணம். வீட்டிலே மிச்சமிருக்கிற வலி மாத்திரையைப் பூட்டி வையுங்கள்.

"இது பைத்தியத்துக்குக் குடுக்கிற மாத்திரையாமே?"

சர்க்கரை நோயில் உள்ளங்கால் எரிகிறது, ஊசி குத்துகிறது என்று போகிறீர்கள். டாக்டர் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் என்றோ டுலோக்செடின் என்றோ எழுதுகிறார். மருந்துக் கடையில் யாரோ, "இது மனநோய் மாத்திரையாச்சே" என்கிறார்கள். கோபம் வந்து குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். இப்படிப் போட்ட எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

மூளைத்தண்டிலிருந்து மடைக்கு உத்தரவு கொண்டுபோகிற தூதர்கள் இரண்டு பேர். ஒருவர் செரடோனின், இன்னொருவர் நார்அட்ரினலின். நார்அட்ரினலின் தயாராகிற ஒரு முக்கிய இடம் மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று பெயர் வாங்கிய சின்னஞ்சிறு பகுதி. அந்த மாத்திரைகள் இந்தத் தூதர்களைச் சீக்கிரம் கலைந்து போகாமல் நிற்க வைக்கின்றன. மடை அடைப்பதற்குப் பலம் கூடுகிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதும் இதே தூதர்களுக்காகத்தான், அவ்வளவுதான் சம்பந்தம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். நாலாம் நாளே நிறுத்திவிட்டு, "கேக்கலை" என்று சொல்லாதீர்கள். ட்ரமடாலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரண்டும் மோதும்.

நம்பிக்கையும் ஒரு மருந்துதான்

1978ல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டாலும் சிலருக்கு வலி குறைந்தது. பிறகு மார்பின் பூட்டை அடைக்கிற நலோக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். குறைந்த வலி திரும்பி வந்தது! அதாவது, 'சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை வெறும் பிரமை இல்லை. உடம்பு தன் சொந்தச் சாவியைப் போட்டு மடையை அடைத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் துறையை நினைத்துக்கொண்டேன். நாங்கள் வலியை வாதத்தோடு சேர்த்துப் பேசுகிறோம். ஒற்றடம் கொடுக்கிறோம், தொக்கணம் என்ற பிடித்துவிடுதல் செய்கிறோம், தைலம் தேய்க்கிறோம். மூட்டுப் பிடிப்புக்கும் இடுப்பு வலிக்கும் அதில் நல்ல சுகம் உண்டு. தொடுகிற கைக்கும், உட்கார்ந்து கேட்கிற காதுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் எலும்பில் பரவிய புற்றுநோய் வலிக்கு அது ஈடாகாது. சித்த மருந்து என்று பெயர் போட்டு, ஒரே நாளில் மூட்டு வலி பறக்கும் என்று விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டைக் கலக்கிற கயவர்களும் உண்டு. லேபிள் இல்லாத பொடியை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு என்ன ஆயிற்று?

பெரியவர் வீட்டில் நான் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுத்த டாக்டருக்கே போன் போட வைத்தேன். அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் அன்று ராத்திரியே ஆரம்பித்தார்கள். நாலாம் நாள் போனேன். திண்ணையில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "பட்டறையில இருக்கிற வெங்காயத்த இப்ப எடுக்கலாமா, வெலை ஏறுமா?" என்று மகனோடு வாதாடிக்கொண்டிருந்தார்! இன்னும் இரண்டு மாதம் இருந்தார். பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இருந்தார். ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார்.

அந்தத் தலைவலி அம்மாவைப் பெரம்பலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரையை நிறுத்திய முதல் வாரம் பெரும் பாடு. "உங்க பேச்சைக் கேட்டது தப்புங்க" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். பத்து நாளில் அடங்கியது. இப்போது மாதத்தில் மூன்று நாலு நாள்தான் தலைவலி.

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்

* தலைவலி மாத்திரை போட்ட நாட்களைக் காலண்டரில் குறியுங்கள். மாதம் பத்தைத் தொட்டால் டாக்டரைப் பாருங்கள்.

* மார்பின் வகை மருந்தை நீங்களாக ஆரம்பிக்கவும் கூடாது, நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கூட மதுவோ தூக்க மாத்திரையோ வேண்டவே வேண்டாம்.

* மார்பின் எடுப்பவரை எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. முறிவு மருந்து உண்டு.

* வலி நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். எலிகளில் ஆழ்ந்த உறக்கத்தின்போது மடை அடைக்கிற ஆஃப் செல்கள்தான் விடாமல் வேலை செய்கின்றன.

* புற்றுநோயாளி 'வலிக்கிறது' என்றால் அதை நம்புங்கள். "பொறுத்துக்கோங்க" என்பது வைத்தியம் இல்லை.

உங்கள் வீட்டு அலமாரி மேலே, பிரிக்காத உறை ஏதாவது இருக்கிறதா? இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். என் பெரியப்பாவுக்குத்தான் அதை நான் செய்யவில்லை.